முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே

தங்கச்சிக்கு நிச்சயம். புடவை எடுக்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆர்.எஸ்.புரம் போனேன். அம்மா அந்தப் பகுதியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடிகாலையில் அவள் கூட்டித் தள்ளுகிற திவான் பகதூர் ரோட்டில்தான் அந்தக் கடை. பத்து வருசமாக வாசலைக் கூட்டியவள் அன்றைக்குத்தான் படியேறினாள். செருப்பைக் கழற்றப் போனவளைக் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

உள்ளே ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "என்ன ரேட்டுல வேணும்?" என்றார். அம்மா ஒரு அரக்குப் புடவையைத் தொடப் போனாள். "தொடாதீங்க, நாங்க பிரிச்சுக் காட்டறோம்" என்று அதை இழுத்துக்கொண்டார். பிரிக்கவில்லை. "கீழ தள்ளுபடியில போட்டிருக்கு, அங்க பாருங்க. உங்களுக்கு ஏத்த மாதிரி இருக்கும்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மையாருக்கு முப்பது புடவை பிரித்துக் கிடந்தது, காபியும் வந்தது. சீட்டு எடுத்த காசு அம்மாவின் சுருக்குப்பையில் இருந்தது. அவள் அதை வெளியே எடுக்கவே இல்லை. "வேண்டாங் கண்ணு, ஒப்பணக்காரத் தெருவுக்கே போயிரலாம்" என்றாள்.

பிறகு ஒரு தோழரிடம் சொன்னபோது, "அவன் உங்க சாதியக் கேக்கலயே? இது வர்க்கப் பிரச்சினை" என்றார். சாதியை யாரும் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் உடுப்பைப் பார்த்து ஆளை அளக்கிற அந்தக் கண் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பாவைப் பெற்ற அவ்வா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பண்ணையத்து ஆளுக்கு வருசத்துக்கு ஒரு வேட்டி, ஒரு சீலை. அதுவும் பண்ணாடி வீட்டில் கட்டிப் பழசானதாக இருந்தால் வாய்பேசாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். தாத்தா வேட்டியை முழங்காலுக்கு மேலேதான் கட்டுவார். துண்டு தோளில் கிடக்காது, கக்கத்தில் இருக்கும். ஊர்த் தெருவில் செருப்பு கைக்கு வந்துவிடும். அந்தச் செருப்பைத் தைத்தவரே அவர்தான். தையல்காரர் எங்கள் ஆட்களைத் தொட்டு அளவெடுக்க மாட்டார். பழைய சட்டை ஒன்றைத் திண்ணையில் வைத்துவிட்டு வர வேண்டும், அதுதான் அளவு.

இதை ஏதோ எங்கள் ஊர்ப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். எம்.ஏ. படிக்கப் போன பிறகுதான், இது எழுதப்பட்ட சட்டமாகவே பல இடங்களில் இருந்தது என்று தெரிந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் ஆகாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. பூ கூடாது, மஞ்சள் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறிய சேரிகளில் குடிசைகள் எரிந்தன. 1931-ல் தடைகள் பதினொன்றாயின. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஜே.எச்.ஹட்டன் இதைப் பதிவு செய்தார்.

இந்த எட்டில் பெரும்பாலானவை உடம்பின் மேல் போடுவதைப் பற்றியவை. ஏன்? மனிதரைப் பார்த்துச் சாதி சொல்ல முடியாது. நிறத்தாலும் முகத்தாலும் எல்லாரும் ஒன்றுபோலத்தான் இருக்கிறோம். அடையாளத்தை வெளியிலிருந்து சுமத்தினால்தான் சாதி கண்ணுக்குத் தெரியும். அதற்குத் துணியைவிட வசதியானது வேறு என்ன?

தெற்கே திருவிதாங்கூரில் 1820-கள் முதல் நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் போராடினார்கள். சந்தையில் அவர்கள் மேலாடை கிழிக்கப்பட்டது. சென்னை ஆளுநர் டிரெவெலியன் நெருக்கியதால் 1859-ல் மன்னர் அரசாணை போட்டார். அந்த ஆணையிலும் ஒரு சூது. மேலுடம்பை மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மூடக் கூடாது. மானத்தை அனுமதித்தார்கள், சமத்துவத்தை அனுமதிக்கவில்லை. 1915-ல் கொல்லம் அருகே பெரிநாட்டில், அய்யன்காளியின் அழைப்பை ஏற்றுப் புலையர் பெண்கள் கழுத்திலிருந்த கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். 1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் நம் பெண்களிடம் பேசியது சேலையைப் பற்றி: உங்கள் சாதியைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி உடுத்தாதீர்கள், மற்றப் பெண்கள் கட்டுவது போலக் கட்டுங்கள் என்றார்.

1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையைத் துறந்தார். அது தியாகம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சட்டை போட முடிந்தவருக்குத்தான் கழற்றுவது தியாகம். ஒன்பது வருசம் கழித்து அதற்குப் பக்கத்து மாவட்டத்தில் சட்டை போட்டதற்காக அடி வாங்கியவர்களைப் பாடப்புத்தகத்தில் தேடிப் பாருங்கள்.

இனி கோவைக்கு வருவோம். நகரசபைத் தலைவராக இருந்த சி.எஸ்.இரத்தினசபாபதி முதலியார் பெயரால் வந்தது ஆர்.எஸ்.புரம். பழைய நகரத்தின் நெரிசலுக்கும் பிளேக் நோய்க்கும் பயந்து, நேர்த்தெருவாக வகுத்துக் கட்டிய விரிவாக்கம். இந்த நகரத்தின் செல்வம் பருத்தி. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. அந்த மில்லுக்குப் போன கம்போடியாப் பருத்தி கிணற்றுப் பாசனத்தில் விளைந்தது. கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது கவலை ஏற்றம். அந்த ஏற்றத்தின் தோல் சாலைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள், எங்கள் தாத்தன்மார். கிழிந்தால் இரவோடு இரவாகத் தைத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளாமை காயும். பிற்காலத்தில் சுமங்கலித் திட்டம் என்ற பேரில் மில் விடுதிகளில் அடைபட்டு நூல் ஓட்டிய பெண்பிள்ளைகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! தண்ணீரிலிருந்து நூல்வரை எங்கள் கை பட்ட துணியை, கடையில் தொடாதே என்கிறார்கள்.

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாத இடங்களைச் சொல்லும்போது முதலில் சொல்வது கடை. 1948 நவம்பரில் அவையில் உறுப்பினர்கள் கேட்டார்கள்: கடை என்றால் சலவைக்கடையும் முடிதிருத்தும் கடையும் சேருமா? அம்பேத்கர் பதில் சொன்னார்: தேடி வருகிறவர்களுக்குச் சேவை தர ஒருவர் தயாராக இருக்கிற இடம் எல்லாமே கடைதான். மிக விரிந்த பொருளில் அந்தச் சொல்லைப் போட்டார். 1955 தீண்டாமைச் சட்டத்தின் 6-வது பிரிவு இன்னும் துல்லியம். மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் தீண்டாமை காரணமாகப் பொருள் விற்க மறுப்பது குற்றம். இது இன்று குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். அதன் 12-வது பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை காரணம் தீண்டாமைதான் என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது.

தோழருக்கு இதுதான் பதில். அந்த விற்பனையாளர் மனதில் சாதி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஏழை என்று நினைத்தே விரட்டியிருக்கலாம். ஆனால் எந்த உடுப்பு எந்த உடம்புக்கு 'ஏத்தது' என்ற கணக்கை அவர் கண்டுபிடிக்கவில்லை. அது ஏற்கெனவே போட்டு வைத்த கணக்கு.

நல்ல துணி உடுத்தினால் மட்டும் விடுகிறார்களா? 2012-ல் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டீ சர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டுப் பெண்களை மயக்குவதாகப் பேசினார். 2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. உடுமலைப்பேட்டையில் சங்கரும் கௌசல்யாவும் துணி எடுக்கப் போனார்கள். சட்டை வாங்கிக்கொண்டு திரும்பியவர்களைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டினார்கள். சங்கர் இறந்தார். சாதி மாறிக் கட்டியதற்காக விழுந்த வெட்டு அது, சட்டைக்காக விழுந்ததில்லை. ஆனாலும் புதுச்சட்டை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஞாயிறுதான் நினைவுக்கு வருகிறது.

இவ்வளவு சட்டம் தெரிந்த நான் அன்றைக்குக் கடையில் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. வாய் வரவில்லை. அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

படி இறங்கும்போது ஒரு விற்பனைப் பெண் பின்னாலேயே வந்தாள். "அக்கா, வாரநாள்ல வாங்க. நானே எல்லாம் பிரிச்சுக் காட்டறேன்" என்றாள் மெதுவாக. அவள் யாரென்று நான் கேட்கவில்லை. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. அந்தத் தளத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி இல்லை. நம்மை நிற்க வைக்கிற கடை அவளையும் நிற்க வைக்கிறது.

புதன்கிழமை மறுபடி போனோம். அம்மா செருப்போடு ஏறினாள். அந்தப் பெண்ணிடம் போய் உட்கார்ந்து, "அந்த அரக்கு எடு கண்ணு" என்றாள். பதினோரு புடவை பிரிக்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள். முதல் சட்டை எப்போது போட்டார்கள், யார் தைத்தார்கள், எந்தத் தெருவில் கழற்றினார்கள் என்று எழுதி வையுங்கள். நம் வரலாறு கல்வெட்டில் இல்லை. கிழிந்த துணியில்தான் இருக்கிறது.