பேரேட்டின் காவல் யாரிடம்? பிட்காயின் பிளாக் அளவுச் சர்ச்சை, 2015–2017

2017 நவம்பர் 8 அன்று பிட்காயின் நிறுவனத் தலைவர்கள் ஆறு பேர் கையொப்பமிட்ட மின்னஞ்சல் ஒன்று வெளியானது. ஓரிரு வாரத்தில் நடக்கவிருந்த பிளாக் அளவை இரட்டிப்பாக்கும் ‘செக்விட்2எக்ஸ்’ மாற்றத்தைக் கைவிடுகிறோம், அதற்குப் போதிய இசைவு திரளவில்லை என்பதே அதன் சாரம். அதே ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் 22 நாடுகளைச் சேர்ந்த 58 நிறுவனங்கள் இந்த மாற்றத்துக்காக உடன்படிக்கை செய்திருந்தன. பேரேட்டை எழுதும் ‘மைனிங்’ பணிக்கான கணிப்புத்திறனில் 83 விழுக்காட்டுக்கும் மேல் தங்கள் பக்கம் இருப்பதாக அவை அறிவித்திருந்தன. பணம், இயந்திரம், பெயர்பெற்ற நிறுவனங்கள் எல்லாம் ஒரே பக்கம் நின்றன. ஆறு மாதத்துக்குள் அந்தப் பக்கமே பின்வாங்கியது.

கிரிப்டோகரன்சி பற்றிய பொதுவான விளக்கங்கள் இரண்டாலும் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியவில்லை. கணிப்புத்திறனில் பெரும்பான்மை வைத்திருப்பவரே ஆள்கிறார் என்பது ஒன்று. நிரலே சட்டம், மனிதருக்கு அங்கே வேலையில்லை என்பது மற்றொன்று. விதியை இயற்றும் அதிகாரம் பிட்காயினில் எவரிடமும் இல்லை. விதி மீறலை ஏற்க மறுக்கும் உரிமை மட்டும், பேரேட்டைத் தானே சரிபார்க்கும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம். அதை நிறுவ, அந்தப் பேரேடு எப்படி எழுதப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வங்கிப் பாஸ்புத்தகத்தில் இருப்பதுபோல் ‘இருப்பு’ என்று ஒரு பத்தி பிட்காயின் கணக்கில் கிடையாது. இன்னும் செலவாகாத வரவுகள் மட்டுமே உண்டு. கமலாவுக்கு யாரோ 0.5 பிட்காயின் அனுப்பியிருக்கிறார்கள், அவர் ரஹீமுக்கு 0.2 தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 0.5இலிருந்து ஒரு துண்டை மட்டும் கிள்ளி எடுக்க முடியாது. ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டிச் சில்லறை வாங்குவதுபோல் முழுவதையும் செலவழித்தாக வேண்டும். ஆகவே கமலாவின் பரிவர்த்தனையில் ஒரு வரவு உள்ளே போகிறது, இரண்டு வெளியே வருகின்றன: ரஹீமின் முகவரிக்கு 0.2, கமலாவின் இன்னொரு முகவரிக்கே 0.2999. விடுபட்ட 0.0001, பரிவர்த்தனையைப் பேரேட்டில் ஏற்றுபவருக்கான கட்டணம். இவை அனைத்தின் மீதும் கமலா தன் தனிச்சாவியால் கையொப்பமிடுகிறார். சாவியை யாருக்கும் காட்டாமலே அது தன்னிடம் இருப்பதை நிறுவும் கணிதம் அது.

கமலா அதே 0.5ஐ வேறொருவருக்கும் அனுப்பினால் என்ன ஆகும்? இரண்டு கையொப்பங்களும் உண்மையானவை. எது முந்தியது என்று சொல்ல வங்கியில் ஒரு கணக்கர் இருக்கிறார், இங்கே இல்லை. சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான ஒன்பது பக்கக் கட்டுரை இந்தச் சிக்கலைத்தான் தீர்த்தது. காத்திருக்கும் பரிவர்த்தனைகளை ஒரு பிளாக்காகத் தொகுத்து, முந்தைய பிளாக்கின் ஹாஷை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணை, அதில் பொதிய வேண்டும். பிறகு ஓர் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, புதிய பிளாக்கின் ஹாஷ் குறித்த வரம்புக்குக் கீழே விழும்வரை முயல வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை. மின்சாரத்தைச் செலவழித்தே ஆகவேண்டும். இதுதான் மைனிங். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் வரும்படி, 2016 பிளாக்குகளுக்கு ஒருமுறை வரம்பு தானே மாறிக்கொள்கிறது. வென்றவருக்குப் புதுப் பிட்காயின் கிடைக்கும். 2009இல் பிளாக் ஒன்றுக்கு 50ஆக இருந்த அது, 210,000 பிளாக்குகளுக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆனது. மொத்தம் 2.1 கோடியை எட்டாது.

பெரும்பாலான விளக்கங்கள் இவ்விடத்தில் முடிந்துவிடுகின்றன. நோடு பற்றிப் பேசாமல் முடிப்பதுதான் பிழை. நோடு என்பது முழுப் பேரேட்டையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, வரும் ஒவ்வொரு பிளாக்கையும் முதலிலிருந்து கடைசிவரை சரிபார்க்கும் கணினி. கையொப்பங்கள் செல்லுமா, செலவான வரவு மறுபடி செலவழிக்கப்படுகிறதா, மைனிங் செய்தவர் தனக்குரிய வெகுமதிக்கு மேல் ஒரு துளியாவது எழுதிக்கொண்டாரா, பிளாக்கின் அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஒன்று பிசகினாலும் பிளாக்கைத் தூக்கி எறிகிறது. அதன் பின்னால் எத்தனை மெகாவாட் மின்சாரம் எரிந்தது என்று அது கேட்பதில்லை. இந்த வேலைக்குக் கூலி கிடையாது. மைனிங் செய்பவர் கணக்கு எழுதுகிறார், நோடு தணிக்கை செய்கிறது. தணிக்கையாளரின் கையொப்பம் இல்லாத கணக்கு, எவ்வளவு உழைத்து எழுதியதானாலும், வெறும் தாள்தான்.

‘நிரலே சட்டம்’ என்ற விளக்கத்தைத் தொடக்ககால நிகழ்வுகள் இரண்டு பொய்ப்பிக்கின்றன. 2010 ஆகஸ்ட் 15 அன்று 74,638ஆம் பிளாக்கில் 18,400 கோடிக்கும் மேற்பட்ட பிட்காயின்கள் தோன்றின. கூட்டலில் எண் வரம்பு மீறுவதை நிரல் கவனிக்கவில்லை. நிரலின்படி அந்தப் பிளாக் செல்லும். ஆனால் பயனர்களும் நிரலாளர்களும் அதை ஏற்க மறுத்தார்கள். சில மணி நேரத்தில் திருத்திய நிரல் வந்தது, அந்தப் பிளாக்கை ஒதுக்கிவிட்டு வேறு தொடர் வளர்ந்தது. 2.1 கோடி என்ற பொது உடன்பாடு நிரலுக்கு மேலே இருந்ததால்தான் அது நடந்தது.

2013 மார்ச் நிகழ்வை இன்னும் அருகில் சென்று பார்க்க வேண்டும். அப்போது பிட்காயின் மென்பொருளின் 0.8 என்ற புதிய பதிப்பு வந்து, உள்ளே தரவுதளத்தை மாற்றியிருந்தது. 225,430ஆம் பிளாக் சற்றுப் பெரிதாக வந்தது. புதிய பதிப்பு அதை ஏற்றது. 0.7 பதிப்போ, தன் பழைய தரவுதளம் ஒரே நேரத்தில் இவ்வளவு பூட்டுகளைத்தான் போடும் என்ற வரம்பில் முட்டி, அதை மறுத்தது. அப்படி ஒரு வரம்பு இருப்பது அதுவரை எவருக்கும் தெரியாது. எந்த ஆவணத்திலும் அது விதியாக எழுதப்படவில்லை. பேரேடு இரண்டாகப் பிளந்தது. கணிப்புத்திறனில் பெரும்பகுதி புதிய பதிப்பின் பக்கம்தான் இருந்தது. ‘நீண்ட தொடரே வெல்லும்’, அதாவது அதிக மைனிங் உழைப்புச் சேர்ந்த பிளாக் தொடரே செல்லும் என்ற பாடத்தின்படி 0.8 வென்றிருக்க வேண்டும். ஆனால் வணிகர்களும் பயனர்களும் பலர் இன்னும் 0.7இல் இருந்தார்கள். மைனிங் கூட்டமைப்புகள் பழைய பதிப்புக்குத் திரும்பும்படி நிரலாளர்கள் கேட்டுக்கொண்டனர். பெரிய கூட்டமைப்புகள் திரும்பின. ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் பழைய தொடர் முந்தியது. கைவிடப்பட்ட தொடரில் 24 பிளாக்குகள் இருந்தன. ஒன்றுக்கு 25 வீதம் 600 பிட்காயின் வெகுமதி வீணானது. பலம் கையில் இருந்தும் விட்டுக்கொடுத்தார்கள். எவரும் ஏற்காத நாணயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை அந்த இரவில் அவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

பிளாக் அளவுச் சர்ச்சை இந்தப் பின்னணியில் எழுந்தது. பிளாக் 1 எம்பிக்கு மிகக்கூடாது என்ற வரம்பை 2010இல் சேர்த்தவர் சடோஷியே. அந்த அளவில் நொடிக்கு ஏழு பரிவர்த்தனைகளுக்கு மேல் செல்லாது. நடைமுறையில் இன்னும் குறைவு. பயனர்கள் பெருகியபோது இடத்துக்குப் போட்டி வந்தது, கட்டணம் ஏறியது. சடோஷி ஒதுங்கியபின் நிரலைக் கவனித்துவந்த கேவின் ஆண்ட்ரசனும் மைக் ஹெர்னும் 2015 ஆகஸ்டில் ‘பிட்காயின் எக்ஸ்டி’ என்ற மாற்று நிரலை வெளியிட்டார்கள். 2016இல் 8 எம்பி, பிறகு ஈராண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு, 2036இல் 8,192 எம்பி என்பது அவர்கள் திட்டம்.

அவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சடோஷி தன் கட்டுரையின் தலைப்பிலேயே இதை மின்னணு ரொக்கம் என்றுதான் சொன்னார். தேநீர் வாங்க உதவாத ரொக்கம் ரொக்கமா? அவர்கள் அஞ்சியது நடக்கவும் செய்தது. 2017 டிசம்பரில் சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டிய நாள் உண்டு. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் அம்மாதமே பிட்காயினில் பணம் பெறுவதை நிறுத்தியது. ஒரு பரிவர்த்தனைக்குக் கட்டணமே 20 டாலரை நெருங்குகிறது என்று காரணம் சொன்னது. சிறுதொகை அனுப்பும் ஏழைக்கு இந்தக் கருவி அன்று பயன்படவில்லை. அது உண்மையான இழப்பு. வரம்பைக் காத்தவர்களில் பலர் அதை ஒரு பொருட்டாகக் கருதவில்லை என்பது என் வருத்தம்.

மறுதரப்பு கணக்கைக் காட்டியது. ஒரு நாளுக்கு 144 பிளாக், ஆண்டுக்கு 52,560. 1 எம்பி வீதம் பேரேடு ஆண்டுக்கு 52 ஜிபி அளவு வளரும். 8 எம்பியானால் 420 ஜிபி. 8,192 எம்பியானால் 430 டிபி. அதைச் சேமிக்கவும், இறக்கவும், பத்து நிமிடத்துக்குள் சரிபார்க்கவும் தரவு மையம் வேண்டும். அப்போது வீட்டிலிருந்து தணிக்கை செய்பவர் இருக்க மாட்டார். சில நிறுவனங்கள் சரிபார்த்துச் சொல்வதை மற்றவர் நம்ப வேண்டிவரும். வங்கியை விட்டு வந்ததற்கு அர்த்தமில்லாமல் போகும். நாளைக்கு அந்த நிறுவனங்கள் கூடி 2.1 கோடியையும் மாற்றினால் மறுப்பவர் யார்?

நான் இந்த இரண்டாம் தரப்பையே சரியென்று கொள்கிறேன். கட்டணத்தைப் பிற்காலத்தில் வேறு அடுக்குகளைக் கட்டிக் குறைக்க முயலலாம். தணிக்கை உரிமை ஒருமுறை கைவிட்டுப் போனால், அதைத் திருப்பித் தர விரும்பும் அதிகாரம் வரலாற்றில் அரிது. ஆனால் அத்தரப்பு நடந்துகொண்ட முறையில் கறையும் உண்டு. முக்கிய விவாதக் களங்களை நடத்தியவர்கள் 2015இல் எக்ஸ்டியை ஆதரித்த பதிவுகளை நீக்கினார்கள். இசைவை அடித்தளமாகக் கொண்ட அமைப்பில், பேச்சை அடக்கிப் பெற்ற இசைவுக்கு மதிப்புக் குறைவு.

எக்ஸ்டி எடுபடவில்லை. 2016 ஜனவரியில் ஹெர்ன், பிட்காயின் சோதனை தோற்றுவிட்டது என்று அறிவித்து வெளியேறினார். அதற்குமுன் 2015 டிசம்பரில் நிரலாளர் பீட்டர் வியுல் ‘செக்விட்’டை முன்வைத்திருந்தார். கையொப்பங்களைத் தனியே பிரித்துவைத்து, பழைய நோடுகள் மறுக்காத வகையிலேயே பிளாக்கில் கூடுதல் இடம் உண்டாக்கும் உத்தி அது. நடைமுறைக்கு வர மைனிங் செய்பவர்கள் எழுதும் பிளாக்குகளில் 95 விழுக்காடு அதற்கு ஆதரவான சைகை தர வேண்டும் என்று வைத்தார்கள். 2017 வசந்தம்வரை அது மூன்றில் ஒரு பங்கிலேயே நின்றது. நியூயார்க் உடன்படிக்கை இரண்டையும் முடிச்சுப்போட்டது: இப்போது செக்விட், ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பு அளவு. இதுவே செக்விட்2எக்ஸ்.

இதற்கிடையே புனைபெயரில் எழுதிய ஒருவர் வேறொரு யோசனை சொன்னார். 148ஆம் எண் முன்மொழிவு அது. 2017 ஆகஸ்ட் 1 முதல், செக்விட்டுக்குச் சைகை தராத எந்தப் பிளாக்கையும் எங்கள் நோடுகள் ஏற்கா என்பதே அதன் உள்ளடக்கம். அந்த நிரலை ஓட்டியவர்கள் சிறுபான்மையினர்தான். ஆனால் அந்தத் தேதிக்குப் பின் தாங்கள் எழுதும் பிளாக் செல்லுமா செல்லாதா என்ற ஐயம் ஒன்றே மைனிங் செய்பவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஜூலையிலேயே அவர்கள் இணங்கினார்கள். ஆகஸ்ட் 24 அன்று 481,824ஆம் பிளாக்கில் செக்விட் நடைமுறைக்கு வந்தது. இணங்காதவர்கள் ஆகஸ்ட் 1 அன்றே 8 எம்பி வரம்போடு ‘பிட்காயின் கேஷ்’ என்று பிரிந்துபோனார்கள். அதுவும் 2018 நவம்பரில் தனக்குள் பிளந்தது.

‘நோடுகள் வென்றன’ என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்களோடு எனக்கு ஓரளவே உடன்பாடு. நோடுகளின் எண்ணிக்கையை வாக்கெண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது. ஒருவரே வாடகைக் கணினிகளில் ஆயிரம் நோடுகளை ஓட்டலாம். அதன் உரிமையாளர் எதைப் பணமாக ஏற்கிறார் என்பதிலிருந்தே நோடுக்கு எடை வருகிறது. அப்படியானால் ஏராளமான பணத்தைக் கையாண்ட அந்த 58 நிறுவனங்கள் ஏன் தோற்றன? அவை கையாண்டது வாடிக்கையாளர்களின் பணம். செக்விட்2எக்ஸ் நாணயம் பிறக்கும் முன்பே அதற்கு முன்பேர வணிகம் நடந்தது. அங்கே அது பிட்காயின் விலையில் ஒரு சிறு பகுதிக்குத்தான் போனது. விலை போகாத நாணயத்துக்கு மின்கட்டணம் கட்ட மைனிங் செய்பவர் முன்வரமாட்டார். தானே சரிபார்க்கத் தெரிந்தவர், விற்கவும் விலகவும் துணிந்தவர், இரண்டு பேரும் சேர்ந்தபோதே மறுப்பு பலித்தது.

நிரலாளர்களே மறைமுக ஆட்சியாளர்கள் என்ற கூற்றுக்கும் இதே வரலாறு விடை சொல்கிறது. சடோஷியிடமிருந்து பொறுப்பேற்ற ஆண்ட்ரசனாலேயே எக்ஸ்டியை நிலைநிறுத்த முடியவில்லை. பெரும்பாலான நோடுகள் ஓட்டும் பிட்காயின் கோர் மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு பதிப்பையும் பயனர் தானே முடிவெடுத்து நிறுவுகிறார்.

மற்றொரு கிரிப்டோகரன்சி அமைப்பான எத்திரியம் வேறு வழியில் போனது. 2016 ஜூனில் அதன்மேல் இயங்கிய ‘தி டாவ்’ என்ற கூட்டு முதலீட்டுத் திட்டத்திலிருந்து, எத்திரியத்தின் நாணயமான ஈத்தர் ஏறத்தாழ 36 லட்சம் திருடப்பட்டபோது, ஜூலை 20 அன்று பேரேட்டையே திருத்தி மீட்டார்கள். மறுத்தவர்கள் பழைய தொடரை ‘எத்திரியம் கிளாசிக்’ என்று இன்றும் நடத்துகிறார்கள். பெரும்பான்மை விதியை மாற்றிக்கொள்ளலாம், சிறுபான்மையை இழுத்துச் செல்ல முடியாது என்ற அதே உண்மை அங்கும் தெரிந்தது.

இந்த உரிமை பயன்படுத்துபவரிடம் மட்டுமே உயிரோடு இருக்கிறது. நாணயத்தைப் பரிமாற்றகத்தில் விட்டுவைத்திருப்பவரிடம் சாவியும் இல்லை, நோடும் இல்லை. அடுத்த சர்ச்சையில் அவருக்காகப் பரிமாற்றகத்தின் நோடுதான் பதில் சொல்லும். தானே சரிபார்க்க விரும்புபவருக்கு வழி இன்னும் அடைபடவில்லை. 2024 இறுதியில் முழுப் பேரேடு 600 ஜிபியை ஒட்டி இருந்தது. 1 டிபி வட்டும் சாதாரண மேசைக் கணினியும் போதும். எக்ஸ்டியின் அட்டவணைப்படி அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே வரம்பு 128 எம்பி. பிளாக்குகள் நிரம்பியிருந்தால், அந்த ஓராண்டுக்கு மட்டும் குறைந்தது 6.7 டிபி தேவைப்பட்டிருக்கும்.