ஒரு மில்லிமீட்டர் பிரித்த இரட்டையர்

ஜப்பானின் குன்மா மாகாணத்தில் ஓட்டா என்றொரு ஊர். சுபாரு பிஆர்இசட், டொயோட்டா ஜிஆர்86 இரண்டும் அங்கிருக்கும் சுபாரு ஆலையில்தான் பிறக்கின்றன. இன்ஜின் ஒன்றே: 2,387 சிசி பாக்ஸர். வீல்பேஸ் ஒன்றே: 2,575 மி.மீ. முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், பின்னால் டபுள் விஷ்போன், இழுவை பின் சக்கரங்களுக்கு. எடை ஏறத்தாழ 1,270 கிலோ. முகப்பை ஒரு துணியால் மூடிவிட்டால் எது எந்தக் கார் என்று கண்டுபிடிக்கத் தடுமாறுவோம்.

வளைவில் திருப்பினால் தெரிந்துவிடும். பிஆர்இசட் நிதானக்காரன், வேகம் மிஞ்சினால் முதலில் முன் டயர்கள் மெல்ல நழுவி எச்சரிக்கும். ஜிஆர்86 துடிப்பானவன்; அதன் பின்பக்கம் எளிதில் வெளியே வரத் துடிக்கும். 2012-இல் வந்த முதல் தலைமுறையிலேயே இந்தக் குணப் பிரிவு உண்டு. இப்போதைய தலைமுறையில் இரு நிறுவனங்களும் அதை இன்னும் தெளிவாக வகுத்துக்கொண்டன. இதற்காக அவை மாற்றிய உறுப்புகள் மிகச் சில. அவற்றில் ஒன்று, காரின் அடியில் குறுக்கே கிடக்கும் ஒரு கம்பி. அதைக் கழற்றிவிட்டு, பல துளைகள் உள்ள ஸ்வே பாரைக் கடையில் வாங்கி மாட்ட நினைப்பவர், முதலில் இந்த இரட்டையரை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆலையே இரண்டு விடைகளை எழுதி வைத்திருக்கும் கணக்கு வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

மெக்கானிக்குகள் ஸ்டெபிலைசர் பார் என்றும், ஆர்வலர்கள் ஸ்வே பார் அல்லது ஆன்ட்டி ரோல் பார் என்றும் சொல்வது ஒரே பொருளைத்தான். நடுவில் நீண்ட எஃகுத் தண்டு. இரு முனைகளும் கை மடங்குவதுபோல் மடங்கி, லிங்க் ராடு வழியாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனைப் பிடித்திருக்கும். இரண்டு சக்கரங்களும் சேர்ந்து மேலெழும்போது பார் தன் ரப்பர் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். ஒன்று எழுந்து மற்றொன்று தாழ்ந்தால்தான் தண்டு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கின் எதிர்ப்புதான் வளைவில் கார் சாயாமல் தாங்குகிறது.

சாய்வு குறைந்தால் பிடிப்பு கூடும் என்பது பரவலான நம்பிக்கை. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். வளைவில் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்குப் பாரம் மாறுவதைத் தீர்மானிப்பவை காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இரு டயர்களுக்கு இடையிலான அகலம், வளைவை எடுக்கும் வேகம் ஆகியவை. எவ்வளவு தடித்த பாரைப் போட்டாலும் அந்த மொத்தத் தொகை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அதில் முன் அச்சு எவ்வளவு சுமக்க வேண்டும், பின் அச்சு எவ்வளவு சுமக்க வேண்டும் என்ற பங்கீட்டில்தான் பாருக்கு அதிகாரம். டயருக்கு ஒரு குணம் உண்டு: அதன் மேல் பாரத்தை இரட்டிப்பாக்கினால் பிடிப்பு இரட்டிப்பாகாது, அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடும். ஆகவே எந்த அச்சில் இடது, வலது டயர்களுக்கு இடையே பார வேற்றுமை அதிகமோ அந்த அச்சு மொத்தத்தில் பிடிப்பை இழக்கும். பின் பாரைக் கடினமாக்கினால் பின்பக்கம் முதலில் நழுவும், அது ஓவர்ஸ்டியர். முன் பாரைக் கடினமாக்கினால் முன்பக்கம் நழுவும், அது அண்டர்ஸ்டியர்.

இனி இரட்டையரின் அளவுகள். 2021-இல் வந்தபோது பிஆர்இசட்டின் முன் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 30 நியூட்டன் விசை வேண்டும். ஜிஆர்86-க்கு 28 போதும். பின்னால் கதை தலைகீழ்: பிஆர்இசட்டுக்கு 35, ஜிஆர்86-க்கு 39. அதாவது ஜிஆர்86 முன்னால் 7 சதவீதம் மென்மை, பின்னால் 11 சதவீதம் கடினம். பாருக்கு வருவோம். பின்னால் பிஆர்இசட்டில் 14 மி.மீ., ஜிஆர்86-இல் 15 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் என்றால் அற்பம் என்று தோன்றும். ஆனால் முறுக்கு வலிமை தண்டின் விட்டத்தைப் பொறுத்து நான்காம் அடுக்கில் ஏறும். 14-ஐ 15 ஆக்கினால் வலிமை 32 சதவீதம் கூடுகிறது. ஸ்பிரிங்கில் 11 சதவீதம் கூட்டியவர்கள் கம்பியில் மூன்று மடங்கு பெரிய அடி எடுத்துவைத்திருக்கிறார்கள்.

முன் பாரில் நடந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிஆர்இசட்டின் முன் பார் 18.3 மி.மீ., உள்ளே குழாய்போல் வெற்றிடம். ஜிஆர்86-க்கு 18 மி.மீ., உள்ளே திடம். பார்த்த மாத்திரத்தில் குழாய் பலவீனமானது என்று தோன்றும். உண்மையில் முறுக்கைத் தாங்குவது பெரும்பாலும் வெளிவிளிம்பில் உள்ள எஃகுதான். உள்துளை வெளிவிட்டத்தில் பாதி என்று வைத்துக்கொண்டால், வலிமையில் பதினாறில் ஒரு பங்கு போகும். எடையிலோ நான்கில் ஒரு பங்கு போய்விடும். கூடுதலாகக் கொடுத்த 0.3 மி.மீ. அந்தப் பதினாறில் ஒரு பங்கை அப்படியே திருப்பித் தந்துவிடும். பார் வாங்கப் போகிறவர் எடை பார்த்து வலிமையை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பிஆர்இசட்டின் பின் பார் நேரடியாக பாடியில் பொருத்தப்பட்டிருக்கிறது; ஜிஆர்86-இல் அது சப்ஃபிரேமில் பிடிக்கப்பட்டிருக்கிறது. பிடிமானம் அசையாமல் இருந்தால் மெல்லிய பாரும் தன் முழு வேலையைச் செய்யும். பிடிமானம் நெகிழ்ந்தால் முறுக்கின் ஒரு பகுதி அந்த நெகிழ்விலேயே வீணாகும். அதனால்தான் 14-ஐயும் 15-ஐயும் எண்களாக மட்டும் ஒப்பிட்டு முடிவுக்கு வரக் கூடாது. விளம்பரத் தாளில் விட்டம் மட்டும் பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பிராக்கெட் எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொல்லுவேன்.

துளைகள் உள்ள பாருக்கு வருவோம். அதைச் செய்பவர்களைத் தேடி ஓட்டாவிலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. அதே குன்மாவின் தகாசாக்கி நகரில்தான் கஸ்கோ என்ற பெயரில் சஸ்பென்ஷன் உறுப்புகள் செய்யும் கரோசே நிறுவனம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வைட்லைனும் ஜெர்மனியின் ஐபாக்கும் இந்தத் தொழிலில் நன்கு அறியப்பட்ட பெயர்கள். யார் செய்தாலும் தத்துவம் ஒன்றுதான். பாரின் கைமுனையில் ஒரு துளைக்குப் பதில் இரண்டோ மூன்றோ இருக்கும். லிங்க் ராடை உள் துளைக்கு மாற்றினால் நெம்புகோல் குட்டையாகும், பார் கடினமாகும். வெளித் துளைக்கு மாற்றினால் மென்மையாகும். கையின் நீளம் 200 மி.மீ. என்றும் அடுத்த துளை 20 மி.மீ. உள்ளே என்றும் கொண்டால், அந்த ஒரு துளைக்கு 23 சதவீதம் கூடும். இரட்டையரின் பின் பார்களுக்கு இடையே ஆலை வைத்த 32 சதவீத இடைவெளியோடு இதை ஒப்பிடுங்கள். ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் இருந்தால், ஆலை இரண்டு கார்களுக்கிடையே வைத்த இடைவெளியின் பெரும்பகுதியை நாமே கடந்துவிடலாம்.

ஆலை பாரின் அருமையையும் சொல்லியாக வேண்டும். அது குழந்தைகளோடு போகும் பயணத்தையும், மழையையும், பழகாத கைகளையும், தேய்ந்த டயரையும் மனத்தில் வைத்து ஒரே ஒரு நிலையில் நிறுத்தப்பட்டது. ரப்பர் புஷ் சத்தம் போடாது. மெல்லிய பார், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது மற்ற சக்கரத்தை அதிகம் இழுக்காது. தடித்த பார் இழுக்கும். மேடுபள்ளச் சாலையில் கார் இடமும் வலமுமாகத் தலையாட்டும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு கிரீஸ் வற்றினால் கீச்சிடத் தொடங்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் காரணம் இருப்பவருக்கே துளைகள் உள்ள பார்.

அப்படிக் காரணம் உள்ள இரண்டு பேரை வைத்துப் பார்ப்போம். பிஆர்இசட் வைத்திருப்பவர், முன்பக்கம் நழுவுவது அலுத்துப்போய் ஜிஆர்86-இன் துடிப்பை விரும்புகிறார். அவர் பின் பாரை மாற்றலாம். 14-க்குப் பதில் 16 மி.மீ. போட்டால், கைநீளம் மாறாத நிலையில் வலிமை 71 சதவீதம் ஏறும். ஜிஆர்86-ஐத் தாண்டிப் போய்விடுவார். மென்மையான துளையில் தொடங்குவதுதான் அவருக்கு நல்லது. ஜிஆர்86 வைத்திருப்பவர் பின்பக்கத்தின் துள்ளலைச் சற்று அடக்க விரும்பினால் முன் பாரைக் கடினமாக்கலாம். பாடநூல்படி அவருடைய முன்பக்கம் பிடிப்பை இழக்கும். ஆனால் பலருக்கு அப்படி நடப்பதில்லை. முன்பக்கம் முன்னைவிடக் கூர்மையாகவே திரும்புகிறது.

இந்தப் புதிர் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டின் குணத்தில் இருக்கிறது. கார் சாயும்போது டபுள் விஷ்போன் தன் டயரை ஓரளவு நிமிர்த்தி வைத்துக்கொள்ளும். ஸ்ட்ரட்டால் அது முடியாது. வெளிப்பக்க டயர் வெளியே கவிழ்ந்து அதன் ஓரத்தில் மட்டும் நிற்கும். முன் பார் சாய்வைக் குறைத்தால் டயர் மறுபடி முழு அகலத்தில் பதிகிறது. பாரப் பங்கீட்டில் இழந்ததைவிட டயர் பதிவில் கிடைப்பது அதிகமாகிவிட்டால் முன்பக்கத்துக்கு லாபம். ஒரே காரில் முன்னும் பின்னும் வெவ்வேறு வகை சஸ்பென்ஷன் இருப்பதால், ஒரே பாடம் இரு முனைக்கும் பொருந்தவில்லை. அலைன்மென்ட்டில் முன் கேம்பரை, அதாவது முன் டயர்களின் மேற்புறம் உள்நோக்கிச் சாயும் கோணத்தை, கூட்டினால் இந்த லாபத்தில் ஒரு பகுதி குறைந்த செலவில் கிடைத்துவிடும் என்பதால், பார் வாங்குவதற்கு முன் அதைச் செய்து பார்க்கும்படி யாருக்கும் சொல்லுவேன். டயருக்கும் அதே முன்னுரிமை. 17 அங்குலச் சக்கரத்தில் வந்த பிரைமசி டயரை மாற்றாமல் பாரை மட்டும் மாற்றுவது, செருப்பு தேய்ந்திருக்க நடையைத் திருத்துவதற்குச் சமம்.

அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்தும் ஆட்டோகிராஸ் போட்டிகளில் ஸ்ட்ரீட் பிரிவுக்கு ஒரு விதி உண்டு: முன், பின் இரண்டில் ஏதாவது ஒரு பாரை மட்டுமே மாற்றலாம். இந்த விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரே ஒரு முனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், கார் எந்த முனையில் குறைபடுகிறது என்று முதலில் கண்டறிந்தாக வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தடித்ததாக மாற்றுபவருக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. கார் விறைப்பாகிறது, முன்பின் பங்கீடு பெரும்பாலும் பழையபடியே இருந்துவிடுகிறது.

பின் பாரை எவ்வளவு தூரம் கடினமாக்கலாம் என்பதற்கு இந்தக் கார்களே ஒரு எல்லைக்கோடு போடுகின்றன. இரண்டிலும் டார்சன் வகை டிஃபரன்ஷியல் உண்டு. அது பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்கும் முறுக்கு விசையைப் பெருக்கி மற்றதற்கு அனுப்புகிறது. பின் பார் மிகக் கடினமானால் வளைவில் உள்பக்கப் பின் சக்கரத்தின் பாரம் வடிந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் சக்கரம் தரையை விட்டே எழும். பூச்சியத்தைப் பெருக்கினால் பூச்சியம்தான். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள் சக்கரம் வெற்றாகச் சுழலும்; கார் முன்னேறாது.

பொருத்தும் முறையில் சிறு நுணுக்கம் ஒன்று உண்டு. லிங்க் ராடைக் கடைசியாக இறுக்கும்போது கார் தன் சக்கரங்களில் நிற்க வேண்டும், ஓட்டுபவரின் எடை இருக்கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நேர்ச்சாலையிலேயே பார் ஓரளவு முறுக்கிய நிலையில் இருக்கும். இடது வளைவில் ஒரு கார், வலது வளைவில் வேறு கார் என்றாகிவிடும். நீளம் மாற்றக்கூடிய லிங்க் ராடுகள் இதற்காகத்தான். பிறகு ஒவ்வொரு துளையாக, மூடிய பந்தயப் பாதையில், டயர் காற்றழுத்தத்தை மாற்றாமல் சோதிக்க வேண்டும். அன்று மழை பிடித்துக்கொண்டால், பின் பாரின் லிங்க் ராடைக் கடைசி வெளித் துளைக்குக் கொண்டுபோங்கள். ஈரத் தரையில் ஓட்டா ஆலை எழுதிய இரண்டு விடைகளில் நிதானமானதற்கு அருகிலிருந்து தொடங்குவது நல்லது.