ஷவருக்கு வேண்டிய உயரம்

சென்னையில் தரைத்தளமும் அதற்குமேல் இரண்டு மாடியும் உள்ள வீடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. தரைத்தளத்து ஷவரில் தண்ணீர் சீறும். தொட்டிக்கு நேர் கீழே குடியிருப்பவருக்கோ நூல் நூலாக ஒழுகும். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "ஃபோர்ஸ் பத்தல சார்" என்பார். இந்த ஊருக்கு அது புதுக் குறை அல்ல.

1772-இல் கேப்டன் பேக்கர் உருவாக்கிய ஏழு கிணறு திட்டம் ஜார்ஜ் கோட்டைக்காக வந்தது. மற்றவர்களுக்குக் கிணறும் குளமும்தான். நகரத்துக்கென்று குழாய்த் தண்ணீர் வர இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று. ஃபிரேசர் என்ற பொறியாளரின் யோசனைப்படி, கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, தண்ணீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பினார்கள். 1872-இல் அது திறந்த மண் வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து குழாய்களில் இறங்கியது. பம்பு இல்லை, வடிகட்டலும் இல்லை. எல்லாம் சரிவை நம்பிய ஓட்டம். சென்னையோ தட்டையான கடற்கரை ஊர். சரிவுக்கு எங்கே போவது? தெருக்குழாய்களில் அழுத்தம் சொற்பமாகவே இருந்தது.

இதற்கு மருந்து கண்டவர் ஜே. டபிள்யூ. மேட்லி. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள், நீராவி பம்புகள், 15 லட்சம் காலன் கொள்ளும் இரும்பு மேல்நிலைத் தொட்டி எல்லாம் வந்தன. தண்ணீரை முதலில் உயரத்துக்கு ஏற்று, பிறகு ஊருக்குள் விடு என்பதே அவர் வழி. நல்ல வழிதான், கணக்குதான் காலை வாரியது. 1961-இல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று வைத்துத் திட்டமிட்டார்கள். நகர எல்லை விரிந்ததும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

தண்ணீர் சில மணி நேரத்துக்கு மட்டும் என்றானதும் குழாயில் இருந்த கொஞ்ச அழுத்தமும் போயிற்று. வாசலுக்கு வாசல் அடிபம்பு முளைத்தது. விடியற்காலையில் கிரீச் கிரீச்சென்று கைப்பிடி அடிக்கும் சத்தமும், பக்கத்தில் வரிசை கட்டிய பிளாஸ்டிக் குடங்களும் பல தெருக்களின் அடையாளம். வசதி உள்ளவர்கள் தரைக்கடியில் சம்ப் கட்டினார்கள். வலுவில்லாமல் வரும் தண்ணீரும் அந்தப் பள்ளத்தில் விழும்; மோட்டார் அதை மாடிக்கு ஏற்றும். 1970-களில் குஜராத்திலிருந்து சின்டெக்ஸ் தொட்டி வந்த பிறகு மொட்டைமாடிகள் கறுத்தே போயின. கீழ்ப்பாக்கத்துத் தொட்டி செய்த வேலையை ஒவ்வொரு வீடும் தன் செலவில், தன் மின்கட்டணத்தில் செய்துகொள்கிறது.

ஆனால் உயரம்தான் குறைவு. பத்து மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும். தொட்டியைத் தளத்தின்மேல் அப்படியே உட்கார்த்தினால் மேல்மாடி ஷவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு மீட்டர், அதாவது கால் கிலோகூட இல்லை. தரைத்தளத்துக்கு எட்டு மீட்டர். கடையில் ஆசையாக வாங்கும் அகலத் தட்டு ஷவர்களில் பல, இதைவிடப் பல மடங்கு அழுத்தத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

போர்வெல் தண்ணீர் வேறு தன் பங்குக்கு உப்பைப் படியவைத்துத் துளைகளை அடைக்கும். கழற்றி வினிகரில் ஊறவைத்தால் விட்டுவிடும். பழைய அரை அங்குல ஜி.ஐ. குழாய் உள்ளே துருவேறிச் சுருங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதன் பிறகும் போதாவிட்டால் தொட்டிக்கு ஐந்தடி உயரத்தில் உறுதியான மேடை கட்டலாம். மேல்மாடியின் அழுத்தம் முக்கால் பங்கு கூடும். இல்லையென்றால் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பூஸ்டர் பம்பு வைக்கலாம். தெருக்குழாயில் மட்டும் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்ச வேண்டாம்: பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் வராது, குழாயில் ஓட்டை இருந்தால் சாக்கடை உள்ளே புகும், குடிநீர் வாரியம் இணைப்பையும் துண்டிக்கும்.