ஸ்டாப்வாட்ச் பிடித்த பெண்

சென்ற வாரம், பின்னாளில் எழுத்தாளரான லிண்டா லா பிளான்டை ‘தி ஜென்டில் டச்’ தொடரின் படப்பிடிப்புத் தளத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தோம். இந்த வாரம் அவர் படைத்த பெண் போலீஸ் அதிகாரி ஜேன் டெனிசன் பிறந்த கதைக்குப் போகலாம் என்றும் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு கதவைத் தாண்ட வேண்டும். அந்தக் கதவைத் திறந்துவிட்டவரைப் பற்றிச் சொல்லாமல், டெனிசன் திரைக்கு வந்த 1991-க்குத் தாவிவிட எனக்கு மனம் வரவில்லை.

லிண்டா அப்போது லிண்டா லா பிளான்ட் அல்ல, லிண்டா மார்ஷல். லிவர்பூல் பெண். ராயல் அகாடமியில் முறையாக நடிப்புப் படித்தவர். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் மேடை ஏறியவர். அத்தனை இருந்தும் தொலைக்காட்சியில் கிடைத்ததெல்லாம் ஓரிரு காட்சி வேடங்கள்தான். ‘இசட் கார்ஸ்’, ‘தி ஸ்வீனி’, ‘தி புரொஃபஷனல்ஸ்’ என்று போலீஸ் தொடர் ஒன்று விடாமல் வந்து போயிருக்கிறார். ‘ரென்ட்டகோஸ்ட்’ என்ற குழந்தைகள் தொடரில் ஒவ்வாமையால் அவதிப்படும் பேயாக நடித்தார்.

போலீஸ் தொடரில் ஒரு பெண்ணுக்கு அன்று என்ன வேடம் கிடைக்கும்? கொலையானவளின் அக்கா, திருடனின் காதலி, போலீஸ்காரர் இரவில் வீடு திரும்பும்போது சாப்பாட்டை எடுத்துவைக்கும் மனைவி. இல்லாவிட்டால் பாலியல் தொழிலாளி. லிண்டாவுக்கு ‘தி ஜென்டில் டச்’ தொடரில் கிடைத்தது இந்தக் கடைசி வகை. இத்தனைக்கும் அது சாதாரணத் தொடர் அல்ல. பிரிட்டனில் ஒரு பெண் போலீஸ் அதிகாரியை மையமாக வைத்து வந்த முதல் தொடர் அதுதான். 1980 ஏப்ரலில் தொடங்கியது; ஜில் காஸ்கோயின் நாயகி. நாற்காலியில் பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள், அவளைச் சுற்றியிருந்த பெண்களுக்கு மட்டும் பழைய வசனமே. தன் கைக்கு வந்த தாள்களைப் படித்த லிண்டாவுக்குப் பொறுக்கவில்லை. இதைவிட நன்றாக நானே எழுதுவேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் தொடருக்காகவே நான்கு கதைகள் எழுதி அனுப்பினார். நான்கும் திரும்பி வந்தன. ஆனால் ஒன்றின் மேல் யாரோ கையால் கிறுக்கியிருந்தார்கள், அபாரம் என்று. அபாரம் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு அதை எடுத்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களின் இந்தக் குணத்தை என்னால் மன்னிக்கவே முடிந்ததில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். நல்லது என்று தெரிந்தபிறகும் திருப்பி அனுப்புவது வேறு வகைக் குற்றம்.

கொள்ளை ஒன்றில் கணவன்மார் செத்துப்போகிறார்கள். அவர்கள் போட்டு வைத்திருந்த அடுத்த கொள்ளைத் திட்டத்தை மனைவிமார் கையில் எடுத்து நடத்திக் காட்டுகிறார்கள். அபாரம் என்று கிறுக்கப்பட்ட அந்தக் கதை இவ்வளவுதான். லிண்டா அதைக் குப்பையில் போடவில்லை. விரித்து எழுதி யூஸ்டன் பிலிம்ஸ் என்ற நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். அங்கே கதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் லிண்டா அக்ரன். அவருக்கு மேலே, நிறுவனத்தின் தலைமையில், வெரிட்டி லாம்பர்ட்.

நான் சொன்ன கதவு இதுதான். வெரிட்டியை ‘டாக்டர் ஹூ’ தொடரின் முதல் தயாரிப்பாளர் என்று எல்லோருக்கும் தெரியும். 1963 நவம்பர் 23, கென்னடி சுடப்பட்ட மறுநாள், அந்தத் தொடரை ஒளிபரப்பியவர். பிபிசியின் நாடகப் பிரிவில் அன்றிருந்த ஒரே பெண் தயாரிப்பாளர். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால் அல்ல. அதற்கும் ஐந்தாண்டு முந்தைய ஓர் இரவுதான் காரணம்.

வெரிட்டி லண்டன் யூதக் குடும்பத்துப் பெண், கணக்காளரின் மகள். பதினாறு வயதில் பள்ளியை விட்டார். பாரிஸில் சொர்போன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு, பிறகு லண்டனில் தட்டச்சும் சுருக்கெழுத்தும். முதல் வேலை கென்சிங்டனில் ஒரு ஹோட்டலில், சாப்பாட்டுப் பட்டியலைத் தட்டச்சு செய்வது. பிரெஞ்சு தெரியும் என்பதால் கிடைத்த வேலை. 1956-இல் கிரனடா தொலைக்காட்சியில் செய்தித் தொடர்பு அதிகாரிக்குச் செயலாளர் ஆனார். ஆறே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிரனடா என்ற இந்தப் பெயரைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஏபிசி நிறுவனத்தில் மீண்டும் சுருக்கெழுத்து. அங்கிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து, ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் வந்த ‘ஆர்ம்சேர் தியேட்டர்’ நாடக வரிசையில் தயாரிப்பு உதவியாளர்.

அன்றைய தொலைக்காட்சி நாடகம் மேடை நாடகத்தைவிடப் பயங்கரமானது. நேரடி ஒளிபரப்பு. ஒரு மணி நேரக் கதையை நடிக்க நடிக்க நாடே பார்க்கும். வசனம் மறந்தால் மறந்ததுதான். மான்செஸ்டர் நகரின் டிட்ஸ்பரியில், பழைய சினிமா தியேட்டர் ஒன்றை மாற்றிக் கட்டிய ஸ்டுடியோ. ஒரு மூலையில் வீடு, இன்னொரு மூலையில் தெரு. ஒரு காட்சி முடிவதற்குள் அடுத்த காட்சிக்கான நடிகர் இருட்டில் கேபிள்களைத் தாண்டி ஓடிப்போய் நிற்க வேண்டும். பெரிய கேமராக்கள் சக்கரத்தில் உருண்டு அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தனி அறையில், திரைகளின் வரிசைக்கு முன்னால் இயக்குநர். பக்கத்தில் தயாரிப்பு உதவியாளர், மடியில் நாடகப் பிரதி, கையில் ஸ்டாப்வாட்ச். இத்தனையாவது ஷாட், அடுத்து இந்தக் கேமரா, விளம்பரத்துக்கு இன்னும் இத்தனை நொடி என்று சொல்லிக்கொண்டே இருப்பது அந்தப் பெண்ணின் குரல். கேமராக்காரர்கள் காதில் ஒலிப்பது அது. நாடகம் ஒழுங்காக முடிந்தால் பெயர் இயக்குநருக்கு.

1958 நவம்பர் இறுதி. நாடகத்தின் பெயர் ‘அண்டர்கிரவுண்ட்’. அணுகுண்டு விழுந்தபின் லண்டன் சுரங்க ரயில் பாதைக்குள் சிக்கிக்கொண்டவர்களின் கதை. இயக்குநர் டெட் காட்செஃப், கனடாக்காரர், 27 வயது. பின்னாளில் சில்வெஸ்டர் ஸ்டாலோனை வைத்து முதல் ‘ராம்போ’ படமான ‘ஃபர்ஸ்ட் பிளட்’ எடுத்தாரே, அவரேதான். முக்கிய வேடங்களில் ஒன்றில் வேல்ஸ் நடிகர் காரெத் ஜோன்ஸ், வயது 33.

நாடகம் பாதியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. தன்னுடைய இரண்டு காட்சிகளுக்கு நடுவே ஒப்பனை செய்துகொள்ளப் போன ஜோன்ஸ் சரிந்து விழுந்தார். மாரடைப்பு. அங்கேயே உயிர் போய்விட்டது.

நாடகம் நிற்கவில்லை. நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது, எதிரே காட்சியில் நிற்கும் நடிகர்கள் அவர் வருவார் என்று காத்திருக்கிறார்கள். வரவில்லை. அவர் பேச வேண்டியதை அவர்களே தங்களுக்குள் பிரித்துப் பேசிச் சமாளித்தார்கள். நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன், அவரும் கனடாக்காரர், காட்செஃபுக்குச் சொன்ன உத்தி இன்றும் பேசப்படுகிறது: இனிமேல் இதைக் கால்பந்தாட்டம் மாதிரி படம் பிடி, ஆள் எங்கே போகிறானோ கேமரா அங்கே போகட்டும்.

காட்செஃப் அறையை விட்டு இறங்கித் தளத்துக்கு ஓடினார். இறந்தவர் இல்லாமல் மிச்சக் கதையை எப்படி முடிப்பது என்று நடிகர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் எழுந்த நாற்காலி காலி. கேமராக்கள் கட்டளைக்காகக் காத்திருக்கின்றன. பக்கத்தில் இருந்தது ஸ்டாப்வாட்ச் பிடித்த பெண் ஒருத்திதான். அப்போதுதான் 23 வயது நிரம்பியிருந்த வெரிட்டி கேமராக்களைத் தன் குரலில் எடுத்துக்கொண்டார்.

அந்த அறையை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். பிரதியில் குறித்து வைத்த ஷாட் எண்கள் எல்லாம் ஒரே நொடியில் செல்லாமல் போய்விட்டன. எந்த நடிகர் எந்தப் பக்கம் திரும்புவார், அடுத்த வாக்கியத்தை யார் பேசுவார், எதுவும் தெரியாது. முகங்களைப் பார்த்து, வாய் திறக்கப்போகிறவரை ஊகித்து, அவர் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டும். கீழே ஒருவர் இறந்து கிடக்கிறார் என்பதையும் மனத்தில் தாங்கிக்கொள்ள வேண்டும். அதைச் செய்தார். கதை முடிவுக்கு வந்து சேர்ந்தது.

இப்படி ஓர் இரவைக் கடந்த பெண்ணுக்கு அந்த நிறுவனம் என்ன செய்திருக்க வேண்டும்? அடுத்த நாடகத்தை நீயே இயக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி ஸ்டாப்வாட்ச். 1961-இல் மனம் வெறுத்து நியூயார்க் போய், டேவிட் சஸ்கிண்ட் என்ற தயாரிப்பாளரிடம் ஓராண்டு வேலை பார்த்தார். இயக்குநராகும் ஆசையோடு திரும்பி வந்தால், அதே நிறுவனம், அதே உதவியாளர் வேலை. இன்னும் ஓராண்டில் மேலே போகாவிட்டால் தொலைக்காட்சியையே விட்டுவிடுவது என்று முடிவெடுத்திருந்த நேரத்தில், பிபிசிக்கு மாறியிருந்த நியூமன் தொலைபேசியில் கூப்பிட்டார். குழந்தைகளுக்கு ஓர் அறிவியல் கதைத்தொடர், தயாரிப்பாளராக வருகிறாயா என்று. நியூமனிடம் ஆயிரம் குறை சொல்பவர்கள் உண்டு. சத்தம் போடுபவர், அவசரக்காரர் என்பார்கள். எனக்கு அவர் நாயகன். அந்தப் பெண்ணின் திறமையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் பலர்; பார்த்ததை மறக்காமல் வைத்திருந்தவர் அவர் ஒருவர்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். வெரிட்டி 1974-இல் தேம்ஸ் தொலைக்காட்சியின் நாடகப் பிரிவுத் தலைவர் ஆனார். ஜான் ஹர்ட் நடித்த ‘தி நேக்கட் சிவில் சர்வன்ட்’, ‘ராக் ஃபாலீஸ்’, ‘ரம்போல் ஆஃப் தி பெய்லி’ எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. தேம்ஸின் கிளை நிறுவனம்தான் யூஸ்டன். ஸ்டுடியோவுக்குள் அடைபடாமல், 16 மில்லிமீட்டர் ஃபிலிமில், லண்டன் தெருக்களிலேயே படமெடுப்பது அவர்கள் வழக்கம். ‘தி ஸ்வீனி’ அங்கே உருவானதுதான். லிண்டா சின்ன வேடத்தில் வந்துபோன அதே ‘ஸ்வீனி’.

ஆக, லிண்டாவின் கதை போய்ச் சேர்ந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தே எல்லாத் தொழிலையும் கற்றவர். ஓரத்தில் நிற்கும் பெண் எவ்வளவு பார்த்து வைத்திருப்பாள் என்று அவருக்குத் தெரியாதா? பேய் வேடம் போட்ட துணை நடிகை எழுதிய கதை என்று அவர்கள் ஒதுக்கவில்லை. ஒரு மணி நேர நாடகமாகச் சுருக்கச் சொல்லவும் இல்லை. ஆறு வாரத் தொடராகவே எடுத்தார்கள். அக்ரன் தயாரிப்பாளர், வெரிட்டி நிர்வாகத் தயாரிப்பாளர்.

1983 மார்ச்சில் ‘விடோஸ்’ ஐடிவியில் தொடங்கியது. டோலி ராலின்ஸாக ஆன் மிட்செல். அதுவரை நடுத்தர வயது விதவைக்குத் தொலைக்காட்சி தந்தது ஒரு கைக்குட்டை மட்டுமே. டோலியோ கணவன் எழுதி வைத்த கணக்குப் புத்தகங்களைப் பிரித்துவைத்துக்கொண்டு, அவன் விட்ட இடத்திலிருந்து திட்டம் போடுகிறாள். மற்ற விதவைகளை மிரட்டிப் பழக்குகிறாள். அவளை நல்லவள் ஆக்க லிண்டா எந்த முயற்சியும் செய்யவில்லை. எனக்குத் தொடரில் மிகவும் பிடித்தது அதுதான். அழுதுகொண்டே திருடும் பெண் இல்லை டோலி. வேலையை வேலையாகச் செய்பவள். பதின்வயதில் அந்தத் தொடரைப் பார்த்த ஸ்டீவ் மெக்வீன் என்ற லண்டன் சிறுவன் 2018-இல் அதே கதையை வயோலா டேவிஸை வைத்துத் திரைப்படமாக எடுத்தார்.

‘விடோஸ்’ தொடரில் எழுத்தாளர் பெயர் லிண்டா லா பிளான்ட். மார்ஷல் என்ற பெயர் மெல்ல மறைந்தது. சொந்தப் பெயரில் தயாரிப்பு நிறுவனம் 1994-இல் வரும். ‘தி கவர்னர்’, ‘ட்ரையல் அண்ட் ரெட்ரிபியூஷன்’ எல்லாம் அதன் பின்.

அதற்கு முன் நமக்கு ஜேன் டெனிசன் வேண்டும். 1990-களின் வாசலில் ஒரு நிறுவனம் லிண்டாவிடம் போலீஸ் கதை கேட்கிறது. எந்த நிறுவனம் தெரிகிறதா? வெரிட்டியை ஆறு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிய அதே கிரனடா. பெண் அதிகாரியை வைத்து எழுதலாம் என்று முடிவாகிறது. லிண்டா எழுத உட்காரவில்லை. கொலை விசாரணைகளை நடத்தும் பதவியில் உண்மையிலேயே இருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று லண்டன் மாநகரப் போலீசைத் தொடர்புகொள்கிறார். அந்தப் பதவியில் இருந்த பெண்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர், ஜாக்கி மால்டன், லிண்டாவைச் சந்திக்கச் சம்மதிக்கிறார்.

(தொடரும்)