காம்டன் நகர் வட்டக் கொட்டகை

நம் பங்கில் இரயில்வேக் குடும்பங்கள் பல உள்ளன. 'லோகோ ஷெட்' என்றால் என்னவென்று அவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. நீராவி எஞ்சினின் தாயகமாகிய இங்கிலாந்தில், விக்டோரியா அரசியின் காலத்தில் எழுந்த அத்தகைய கொட்டகை ஒன்றின் வரலாற்றை இம்மலரில் வரைய விழைகிறோம்.

இலண்டனின் யூஸ்டன் நிலையத்திலிருந்து வடக்கே காம்டன் வரை ஏற்றம். 1844 வரை, மேட்டில் நிலையாக நின்ற எஞ்சின்கள் கயிறு கட்டியே வண்டிகளை இழுத்தன. அம்மேட்டில், சரக்கு எஞ்சின்களுக்கென 1846-47இல் எழுந்ததே 'ரவுண்ட் ஹவுஸ்'. இராபர்ட் ஸ்டீபன்சன் பொறியாளராயிருந்த இருப்புப்பாதையில் பணியாற்றிய டாக்ரே இதனை அமைத்தார்.

மஞ்சள் செங்கல் சுவர்; 160 அடி விட்டம்; கூம்பு வடிவக் கற்பலகைக் கூரை; உச்சியில் புகைபோக்கி. நடுவே 36 அடி டர்ன்டேபிள். அதனின்று தண்டவாளங்கள் தேர்ச்சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் விரிந்தன. நேர்க்கொட்டகையில் பின்னே நிற்கும் எஞ்சின் வெளிவர, முன்னதை அகற்றியாக வேண்டும். இங்கோ எந்த எஞ்சினையும் தனியே திருப்பி அனுப்பலாம். ஆனால் டர்ன்டேபிள் பழுதுற்றால் அனைத்தும் சிறைப்பட்டவையே!

கூரையைத் தாங்குபவை வட்டமாய் நிற்கும் 24 வார்ப்பிரும்புத் தூண்கள். உரோமையிலுள்ள புனித கொன்ஸ்தான்சா ஆலயத்திலும் 24 தூண்கள், இரண்டிரண்டாக, வட்டமாகவே நிற்கின்றன. தற்செயலான ஒற்றுமைதான், எனினும் கரியும் எண்ணெயும் படியும் கூடத்திற்கு இத்துணை அழகு தந்தவரை நாம் மெச்சாதிருக்க இயலவில்லை.

ஆனால் அக்கொட்டகை அக்காலத்து எஞ்சினின் அளவுக்கே தைத்த சட்டை. எஞ்சின்கள் விரைவில் நீண்டன. டெண்டரோடு சேர்ந்து டர்ன்டேபிளில் அடங்கவில்லை. நேர்க்கொட்டகையாயின் ஒரு கோடியை நீட்டலாம், வட்டத்தை நீட்டுவதெப்படி? சுமார் பத்தாண்டுகளிலேயே அது தன் முதற்பணியை இழந்தது. பின்னர் கில்பி நிறுவனத்தாரின் 'ஜின்' கிடங்காக நெடுங்காலம் விளங்கிற்று. மதுவினால் குடும்பங்கள் சிதைவதைக் கண்டு வருந்தும் நமக்கு இச்செய்தி உவப்பானதன்று. ஆயினும் இடிபடாமல் அதனைக் காத்தது அந்தக் கிடங்கே.

1954இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்தது. கலைகள் தொழிலாளர்க்கும் உரியவை என்று 1960இல் தொழிற்சங்கப் பேரவை நிறைவேற்றிய 42ஆம் தீர்மானத்தைப் பின்பற்றி, நாடக ஆசிரியர் ஆர்னால்ட் வெஸ்கர் 'சென்டர் 42' என்னும் இயக்கத்தைக் கண்டார். 1964இல் இக்கொட்டகை அதன் கைக்கு வந்தது. போதிய பணம் திரளவில்லை. 1970இல் இயக்கம் கலைந்தது. நாடகங்களும் இசை நிகழ்ச்சிகளும் 1983 வரை நடந்தபின் கதவுகள் மூடப்பட்டன. 1996இல் டார்க்குவில் நார்மன் என்னும் செல்வர் கட்டடத்தை வாங்கிச் செப்பனிட, 2006இல் அது மீண்டும் திறக்கப்பட்டது.

பழைய தூண்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. தளத்தில் தண்டவாளத் துண்டுகள் சில எஞ்சியுள்ளன. எஞ்சின்களின் பாரத்தைத் தாங்கிய அடித்தளச் செங்கல் வளைவறைகள் இளைஞர் இசையும் நாடகமும் பயிலும் கூடங்களாயின.