நெட்டித் தொப்பியும் முக்காடும்

மாட்டுப் பொங்கலன்று தஞ்சைப் பகுதியில் மாடுகளுக்கு அணிவிக்கும் நெட்டி மாலையை அன்பர்கள் பலர் அறிந்திருப்பர். அந்நெட்டியே ஆங்கிலேயர் ஆட்சியில் வெள்ளையர் தலைக்கு ஏறியது. நீர்நிலைகளில் வளரும் அச்செடியின் தண்டு காற்றறைகள் நிறைந்தது, மிக இலேசானது, வெப்பத்தை எளிதில் கடத்தாதது. வங்கத்தில் அதற்குச் சோலா என்று பெயர். சோலாத் தொப்பியை ஆங்கிலேயர் நாளடைவில் ‘சோலார்’ தொப்பி, அதாவது சூரியத் தொப்பி ஆக்கிவிட்டனர். சொல் பிழைபட்டும் பொருள் பொருந்திய விந்தை இது!

அத்தொப்பி எதைக் காக்க எழுந்தது? தோலையன்று. வெப்பநாட்டுச் சூரிய ஒளி மண்டையோட்டையும் முதுகெலும்பையும் ஊடுருவி மூளையையும் நரம்பையும் கெடுக்கும் என்று அக்கால மருத்துவர் பலர் கருதினர். ஆகவே முதுகுத் தண்டை மறைக்கவும் தனியே ஒரு திண்டு வைத்துக் கட்டினர். அமெரிக்கப் படை மருத்துவர் சார்லஸ் உட்ரப், வெப்பநாட்டு ஒளி வெள்ளையருக்குத் தீங்கானது என்று 1905இல் ஒரு நூலே எழுதினார். புகைப்படத் தகட்டைச் செவ்வொளி கெடுப்பதில்லை அல்லவா? செந்நிறத் துணியும் அவ்வாறே உடலைக் காக்கும் என்றெண்ணி, பிலிப்பைன்சிலிருந்த அமெரிக்கப் படைவீரருக்குச் செம்மஞ்சள் உள்ளாடை அணிவித்துச் சோதித்தனர். முடிவு 1910இல் வெளியாயிற்று. பயன் ஒன்றுமில்லை, வெப்பந்தான் மிகுந்தது.

இருவேறு தீங்குகளை அவர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொண்டனர். வெயிலில் மயங்கி விழுதல், உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற இயலாமையால் நேர்வது. உலைக்களத்திலும் அது நேரும். தோல் வெந்து கருகுவதோ புற ஊதாக் கதிரால். அக்கதிர் இருப்பதை ஜெர்மானியரான ரிட்டர் 1801லேயே கண்டறிந்தார். கடலோடிகளின் முகத்திலும் கையிலும் தோன்றிய தோல் புற்றை வெயிலோடு தொடர்புபடுத்தி 1894இல் உன்னா எழுதினார். தொப்பிக்காரர் செவியில் இவை ஏறவில்லை. ஆயினும் அகன்ற விளிம்பு முகத்துக்கும் பிடரிக்கும் நிழல் தந்தது என்னவோ மெய்தான்.

இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் பிரிட்டிஷ் படையினர் பலர் நெட்டித் தொப்பியை விடுத்துச் சாதாரண விளிம்புத் தொப்பியோடு போரிட்டனர். எவர் மூளையும் உருகிவிடவில்லை. போருக்குப்பின் நெட்டித் தொப்பி வழக்கொழிந்தது.

அக்கொள்கையின் மறுபக்கமே நம்மைச் சுடுவது. வெள்ளைத் தோலுக்குத்தான் காப்பு வேண்டுமென்றால், கருந்தோலுக்கு வெயில் உறைக்காது என்றாகிறதல்லவா? அவ்வெண்ணம் நம்மவரிடையே இன்றும் முற்றும் மறையவில்லை. தோலின் கருமைக்குக் காரணமான மெலனின் புற ஊதாக் கதிரைப் பெரிதும் தடுக்கும், முழுதும் தடுக்காது. வெப்ப மயக்கத்தையோ அது தடுப்பதேயில்லை.

மலாயாத் தோட்டங்களில் வெளிக்காட்டு வேலைக்குப் போன நம் பெண்கள் எந்த மருத்துவ நூலையும் பார்த்தவர்கள் அல்லர். தலைத்துணியைப் பிடரி மறைய முக்காடிட்டனர். சேலைக்குமேல் ஆடவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டனர். வெயிலுக்கும் கொசுவுக்கும் அது ஒன்றாகவே உதவிற்று.