வரிச் சட்டமும் எலுமிச்சம் சாறும்

நியூயார்க் நகரத்தில் வரிச் சட்டத்தில் கைதேர்ந்த வழக்கறிஞராக விளங்கி, பகலெல்லாம் கம்பெனிகளின் கணக்குகளிலும் சட்டத்தின் உட்பிரிவுகளிலும் மூழ்கிக் கிடந்த டேவிட் எம்பரி (1886–1960) என்பவர், மாலை வேளைகளில் தம் வீட்டுக்கு வரும் விருந்தினருக்குக் காக்டெயில் கலந்து தருவதையே தமக்குரிய வித்தையாக வரித்துக்கொண்டு, பல்லாண்டு பயின்ற அந்த அநுபவத்தையெல்லாம் திரட்டி, 1948-இல் ‘த ஃபைன் ஆர்ட் ஆஃப் மிக்ஸிங் டிரிங்க்ஸ்’ என்ற பெரிய நூலாக வெளியிட்டார். மது வியாபாரத்தின் எந்தக் கிளையிலும் தாம் ஒருநாளும் ஊழியம் பார்த்ததில்லை என்றும், பருகியவராகவும் நண்பர்களுக்குக் கலந்து கொடுத்தவராகவும் மட்டுமே தமக்கு இதில் பரிசயம் என்றும் அவரே அதில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு வக்கீல் இத்தகைய நூல் எழுதக்கூடும் என்று எந்த அமெரிக்கனும் நினைத்திருக்கமாட்டான். ஏனெனில் அக்காலத்தில் அந்த வித்தை முழுதும் பார் மேடைக்குப் பின்னே நின்றவர்களின் சொத்தாக இருந்தது. அது அவர்கள் கையை விட்டு உத்தியோகஸ்தரின் வீட்டுக் கூடத்துக்குள் எப்படி வந்தது என்பது விசித்திரமான கதை. அதில் சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு.

நியூயார்க் மாகாணத்து ஹட்ஸன் என்ற ஊரில் வெளிவந்த ஒரு பத்திரிகை, 1806 மே மாதத்தில் வாசகர் ஒருவர் கேட்ட கேள்விக்கு விடையாக, ஏதேனும் ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்னும் கசப்பு மூலிகைச் சாறு ஆகிய நான்கும் சேர்ந்ததே காக்டெயில் என்று லக்ஷணம் வகுத்தது. அக்காலத்தில் கசப்புச் சாறு மருந்தாகவும் வழங்கிற்று. இன்று உலகமெங்கும் பிரசித்தமான அங்கோஸ்துரா பிட்டர்ஸைக்கூட, வெனிசுவேலாவில் பொலிவாரின் சேனையில் வைத்தியராக இருந்த ஸீகர்ட் என்ற ஜெர்மானியர், 1824-இல் வயிற்றுக் கோளாறுகளுக்கான ஔஷதமாகத்தான் முதலில் தயாரித்தார். மருந்து விருந்தானதற்கு நெடுங்காலம் பிடிக்கவில்லை. 1862-இல் ஜெர்ரி தாமஸ் என்ற பார் விற்பன்னர், கலவை மதுக்களுக்கென்றே அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு கைந்நூலை அச்சிட்டபோது, அந்தத் தொழில் ஏறக்குறைய நாடகக் கலையின் அந்தஸ்தை எட்டிவிட்டிருந்தது. தீக்கொளுத்திய விஸ்கியை இரண்டு உலோகக் குவளைகளுக்கு இடையே, நீல ஜுவாலை வில்லாக வளைந்து தோன்றும்படி மாற்றி மாற்றி ஊற்றிக் காட்டுவது அவருடைய பெயர் பெற்ற வேடிக்கை. அதைக் காண்பதற்கென்றே கூடிய கூட்டத்தில் எத்தனை பேர் அதைக் குடித்தார்களோ!

ஆனால் தாமஸ் போன்றோரின் சாமர்த்தியத்துக்கெல்லாம் அடியில் வேறொரு வஸ்து இருந்தது, அதுதான் ஐஸ். பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளின் ஐஸை அறுத்தெடுத்து, மரத்தூள் பொதிந்து, கப்பலேற்றி விற்கலாம் என்று துணிந்து, ஊரார் சிரித்த சிரிப்பைப் பொருட்படுத்தாமல் 1806-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும், 1833-இல் கல்கத்தாவுக்கும் அனுப்பி வைத்தார். சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், அவருடைய சரக்கைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டதுதான். 1897-இல் விவேகானந்தர் சில நாள் தங்கியதால் அவர் பெயரால் இன்று வழங்கும் அந்த வட்டமான கட்டடத்தைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு மாஸச்சூஸெட்ஸ் ஏரி நினைவுக்கு வரும்? குதிரை பூட்டிய கலப்பைபோன்ற கருவியால் ஐஸை ஒரே அளவுள்ள பாளங்களாக அறுக்கும் முறையை நாதனியல் வையத் என்பவர் 1825-ஐ ஒட்டிக் கண்டுபிடித்ததும் அதன் விலை சரிந்தது. அமெரிக்கப் பட்டணங்களின் சாதாரண மதுக்கடைக்காரனும் கோடையில் ஐஸ் போட்டுக் கொடுக்கலானான். ஐஸ் இல்லாமல் சாராயமும் சர்க்கரையும் கசப்பும் சேர்ந்த கலவையைப் பருகிப் பார்த்தால், அது ஏன் மருந்தாக வழங்கிற்று என்பது உடனே விளங்கும் என்பார்கள்.

இவ்வளவும் கடைகளின் கதை. வீட்டில் அந்நாளில் ஐஸ் பெட்டி இருந்தாலும் அது பாலுக்கும் இறைச்சிக்குமே போதுமானதாயிற்று. வேலை முடிந்த குமாஸ்தாவும் முதலாளியும் தத்தம் தகுதிக்கேற்ற கடைக்குப் போய் நின்றபடியே பருகிவிட்டு வீடு திரும்பினர். கண்ணியமான பெண்கள் அந்த வாசற்படியை மிதிப்பதில்லை. தாமாகக் கலந்து பழகிய தொழில்முறைசாரா மனிதர்கள் தூரதேசங்களில்தான் தென்பட்டார்கள். கியூபாத் தீவின் டைகிரி என்ற ஊரின் அருகே இரும்புச் சுரங்கத்தில் எஞ்சினியராக இருந்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கர், 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், உள்ளூர் ரம்மில் எலுமிச்சம் சாறும் சர்க்கரையும் சேர்த்துக் கலந்ததே அவ்வூர்ப் பெயரைத் தாங்கி நிற்கும் பானம் என்பது பிரசித்தமான வரலாறு. ரம்மும் எலுமிச்சையும் சர்க்கரையும் விளைகிற தீவில் அதற்கு முன் ஒருவரும் அவற்றைச் சேர்க்கவில்லை என்று நம்புவது கடினம். ஆயினும் பெயர் சூட்டியவனுக்கே கீர்த்தி போவது உலக வழக்கம்.

பெரிய மாறுதலை உண்டாக்கியது 1920 ஜனவரி 17-ஆம் தேதி. அமெரிக்க அரசியல் சாசனத்தின் 18-ஆவது திருத்தத்தின்படி தேசம் முழுவதும் மதுவிலக்கு அன்று அமலுக்கு வந்தது. அதைச் செயற்படுத்த இயற்றப்பட்ட வால்ஸ்டெட் சட்டமோ, மதுவைத் தயாரிப்பதையும் விற்பதையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதையும் தடுத்ததே யன்றி, குடிப்பதைக் குற்றமாக்கவில்லை. அந்தத் தேதிக்கு முன் வாங்கிச் சேர்த்ததை வீட்டுக்குள்ளே வைத்துக்கொண்டு, குடும்பத்தாரோடும் உண்மையான விருந்தாளிகளோடும் பருகுவதற்கு அதில் இடமிருந்தது. சட்டத்தைக் கூர்ந்து படித்த செல்வந்தர்கள், தேதி நெருங்குவதற்குள் தங்கள் நிலவறைகளை நிரப்பிக்கொண்டார்கள். கடை மூடியது, வீடு திறந்தது. ஒரு தலைமுறைக் காலமாகக் கைப்பழக்கத்தால் தொழில் கற்ற பார் விற்பன்னர்களில் பலர் வேறு பிழைப்புத் தேடிப் போக, சிலர் ஹவானாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறினர். நியூயார்க்கில் பேர்பெற்றிருந்த ஹாரி க்ராடக், தாம் பிறந்த இங்கிலாந்துக்கே மீண்டு, லண்டன் ஸவாய் ஹோட்டலில் அமர்ந்து, 1930-இல் அந்த ஹோட்டலின் பெயராலேயே ஒரு கலவை நூலைத் தந்தார். குருமார்கள் இவ்வாறு தேசாந்தரம் போய்விட, வித்தை சிஷ்யனல்லாதவன் கைக்கு வந்தது.

வந்த விதம் அழகானதென்று சொல்ல முடியாது. நிலவறை வற்றிப்போனவர்களும், முதலிலேயே நிலவறை இல்லாதவர்களும் களவாக வாங்கியது, தொழிற்சாலைகளுக்கென்று விடப்பட்ட ஆல்கஹாலிலிருந்து விஷத்தை அரைகுறையாகப் பிரித்தெடுத்து, ஜூனிப்பர் தைலமும் கிளிஸரினும் தண்ணீரும் விட்டு ‘ஜின்’ என்று பெயரிட்ட திரவம். அதை அப்படியே வாயில் வைக்க முடியாது. வைத்துக் கண் இழந்தவர்களும் உயிர் இழந்தவர்களும் உண்டு. ஆகவே தேன், ஆரஞ்சுச் சாறு, பாலாடை, மாதுளைப் பாகு என்று கைக்கெட்டிய இனிப்பையெல்லாம் கொட்டி, அந்த நாற்றத்தை மூடுவதே கலப்பவனின் கடமையாயிற்று. முன்னாளில் நல்ல சாராயத்தின் குணத்தை எடுத்துக் காட்டுவதற்காக ஏற்பட்ட கலை, இப்போது கெட்ட சாராயத்தின் குணத்தை மறைப்பதற்குப் பயன்பட்டது. இந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் அமெரிக்கரின் நாக்கு கெட்டுப்போயிற்று என்று பிற்காலத்து ரசிகர்கள் எல்லாரும் ஒருமுகமாகப் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அதே ஆண்டுகளில்தான் ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் அமர்ந்து, இரவு உணவுக்கு முன் ஒரு மணி நேரம் பேசியிருக்கும் சம்பிரதாயம் வேரூன்றியது. அலுவலகம் விட்டு வந்த கணவன் தானே எழுந்து கலந்து கொடுப்பது ஆண்மைக்கு இழுக்கல்ல, அழகு என்ற எண்ணமும் உண்டாயிற்று. வெள்ளியிலும் குரோமியத்திலும் செய்த ஷேக்கர்கள் கலியாணப் பரிசாகின. 1936-இல் நேப்பியர் கம்பெனி பெங்குவின் பறவையின் வடிவத்திலேயே ஒன்றைச் செய்து விற்றது என்றால் மோகம் எவ்வளவு முற்றியிருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வீட்டுக் கலைஞர்களில் மிகவும் உயர்ந்த பதவியிலிருந்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். வக்கீலுக்குப் படித்து, 1921 முதல் ஜாமீன் பத்திரம் வழங்கும் ஒரு நிதிக் கம்பெனியின் நியூயார்க் கிளைக்கு உபதலைவராக இருந்த அவர், ஜனாதிபதியான அதே 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி மதுவிலக்கு ரத்தாயிற்று. வெள்ளை மாளிகையின் மாடியறையில் மாலைதோறும் சக்கர நாற்காலியில் அமர்ந்து, ராஜாங்க விஷயம் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு, தம் அந்தரங்க உத்தியோகஸ்தர்களுக்குத் தம் கையாலேயே மார்ட்டினி கலந்து கொடுப்பது அவருக்குப் பேரானந்தம். அளந்து ஊற்றும் வழக்கம் அவரிடம் இல்லை; ஜின்னோடு வெர்மூத்தைத் தாராளமாக விட்டு, அன்றன்று தோன்றிய வேறு எதையாவதும் சேர்ப்பார். பருகியவர்களில் பலர் முகத்தைச் சுளிக்காமலிருக்கப் பாடுபட்டதாக அவர்களே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்கள். 1943-இல் டெஹரான் மகாநாட்டில் ஸ்டாலினுக்கும் ஒன்று கலந்து நீட்ட, அவர் பருகிவிட்டு, பரவாயில்லை, வயிற்றுக்குத்தான் குளிர்ச்சியாக இருக்கிறது என்றாராம். ராஜதந்திரத்தில் இதைவிட நாசூக்கான பதிலைக் காண்பது அரிது.

ரூஸ்வெல்ட்டின் கையிலும் அவர் போன்ற லட்சக்கணக்கானோர் கையிலும் பொழுதுபோக்காக இருந்ததை எம்பரி சாஸ்திரமாக்க முயன்றார். சமையற் குறிப்புகளாக நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்வது வீண் என்பதே அவருடைய சித்தாந்தத்தின் அடிப்படை. எந்தக் காக்டெயிலிலும் ஆதாரமான சாராயம் ஒன்று. அதன் காரத்தைத் தணித்து மணத்தை எடுத்துக் காட்டும் துணைப்பொருள் ஒன்று. நிறத்துக்கோ விசேஷச் சுவைக்கோ சிறிதளவு சேர்ப்பது வேறொன்று. இந்த மூன்றின் தொழிலைப் புரிந்துகொண்டவன் எதையும் தானே கலக்கலாம். வருமானம் எது, செலவு எது, விலக்கு எது என்று தலைப்பு வகுத்துப் பழகிய வரி வக்கீலின் புத்தி இதில் பளிச்சிடுகிறதல்லவா? மார்ட்டினி, மன்ஹாட்டன், ஓல்டு ஃபாஷன்டு, டைகிரி, ஸைட்கார், ஜாக் ரோஸ் என்னும் ஆறே பானங்களை அவர் அடிப்படையாக வைத்தார். புளிப்பு வகைகளுக்கெல்லாம் அவர் கொடுத்த விகிதம் ஒன்றே: இனிப்பு 1 பங்கு, எலுமிச்சம் சாறு 2 பங்கு, சாராயம் 8 பங்கு. மார்ட்டினிக்கு ஜின் 7, வெர்மூத் 1. காக்டெயில் என்பது பசியைத் தூண்ட வேண்டும், மந்தப்படுத்தக் கூடாது. ஆகையால் பாலாடையும் முட்டையும் பழச்சாறும் ததும்பும் இனிப்புக் கலவைகள் உணவுக்கு முன் வரத் தகாதவை என்று மதுவிலக்குக் காலத்து விளைவுகளுக்கெல்லாம் அவர் தீர்ப்பெழுதினார்.

ஐஸைப் பற்றி அவர் எழுதியிருப்பது மதுவைத் தொடாதவனும் ரசித்துப் படிக்கத் தக்கது. ஐஸ் குளிர்விப்பது தான் உருகுவதனால்தான். எனவே குளிர்ச்சியையும் நீரையும் ஒன்றைவிட்டு ஒன்றைப் பெற முடியாது. நன்றாகக் குலுக்கிய பானத்தில் ஏறத்தாழக் கால் பங்கு உருகிய நீராகவே இருக்கும். அந்த நீர் குறைந்தால் காரம் தொண்டையைப் பிடிக்கும், மிகுந்தால் சப்பிட்டுப் போகும். பழச்சாறு சேர்ந்தவற்றைக் குலுக்க வேண்டும், சேராதவற்றைக் கரண்டியால் கலக்கினால் போதும் என்ற விதிக்கும் காரணம் உண்டு: குலுக்கினால் நுண்ணிய காற்றுக் குமிழிகள் புகுந்து, தெளிவாக இருக்க வேண்டிய பானத்தைக் கலங்கச் செய்கின்றன. ரசத்தில் புளியும் உப்பும் ஒத்துநிற்கும் பதம் தப்பினால் நம் வீட்டுப் பெரியவர்கள் முதல் வாயிலேயே கண்டுபிடிப்பதுபோல, எம்பரியும் நாக்கையே கடைசி நீதிபதியாகக் கொண்டார்; ஆயினும் அந்த நீதிபதிக்கு முன்னால் வைக்க விகிதங்களைத் தயாராக வைத்திருந்தார்.

சமகாலத்தவர் எல்லாரும் அவ்வளவு பரந்த மனம் உள்ளவர்களல்லர். 1948-இல் சரித்திர நூலுக்காகப் புலிட்சர் பரிசு பெற்ற பெர்னார்ட் டிவோட்டோ, 1951-இல் ‘தி ஹவர்’ என்ற சிறு நூலில், மனிதனுக்குத் தகுந்தவை விஸ்கியும் மார்ட்டினியும் ஆகிய இரண்டே என்றும், ரம் சேர்ந்த எதுவும் நாகரிகத்துக்குப் பகை என்றும் கோபமும் ஹாஸ்யமும் கலந்து வாதாடினார். படிக்கச் சுவையானது டிவோட்டோவின் நூல். கற்றுக்கொள்ள உதவுவது எம்பரியின் நூல்.

அது 1952-லும் 1958-லும் திருத்திய பதிப்புகளைக் கண்டது. 1960-இல் எம்பரி காலமானார். பிறகு வந்த தலைமுறை வோட்காவிலும் புட்டியில் அடைத்த புளிப்புக் கலவையிலும் திருப்தியடைந்துவிட, நூல் அச்சிலிருந்து மறைந்து, பழைய பிரதிகள் கைமாறிக் கைமாறித் திரிந்தன. 1987-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட நியூயார்க்கின் ரெயின்போ ரூமில், டேல் டெக்ராஃப் என்பவர் புட்டிச் சாற்றை ஒதுக்கிவிட்டு அப்போதே பிழிந்த எலுமிச்சையோடு பழைய முறைகளை உயிர்ப்பித்தபின், தொழிலைச் சிரத்தையோடு கற்க விரும்பிய இளம் பார்டெண்டர்கள் தேடிப் படித்த நூல்களில் இந்த வக்கீலின் நூலும் முன்வரிசையில் நின்றது. 2008-இல் மறுபடியும் அச்சேறியது. கடைக்காரர்களிடமிருந்து வீட்டுக்காரன் பெற்ற வித்தையைக் கடைக்காரர்கள் வீட்டுக்காரனிடம் திரும்பப் பாடம் கேட்டார்கள். பாடம் கேட்டவர்கள் அவருடைய வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டாலும் விகிதத்தை ஏற்கவில்லை. 8 பங்குச் சாராயத்துக்கு 1 பங்கு இனிப்பு என்ற கணக்கு இன்றைய நாக்குக்கு மிகவும் கடுமையாகப் படுகிறது. பெரும்பாலோர் இனிப்பையும் புளிப்பையும் சமமாக்கி, ஒவ்வொன்றுக்கும் 3 பங்கு கொடுத்துவிடுகிறார்கள். அதற்காக எம்பரியின் ஆவி வழக்குத் தொடுக்காது. ஏனெனில், விதிகளைத் தெரிந்துகொண்டபின் தன் சுவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமையை வாசகனுக்கு அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.